ஆன்டிவைரல்: தடுப்பா, எதிர்ப்பா, முடக்கா?

முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். படைவீரரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் எங்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது. 2022 தொடக்கத்தில், கொரோனா மூன்றாம் அலை நேரத்தில், கையில் போனோடு வந்தார். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய செய்தி: 'ஆன்ட்டி வைரல் மாத்திரை வந்துவிட்டது'.

"யாரு தம்பி இந்த ஆன்ட்டி? என்ன பண்ணி வைரல் ஆனாங்க?"

ஆன்ட்டி இல்லை ஐயா, ஆன்டி. எதிரானது என்று பொருள், கிரேக்கத்தில் இருந்து வந்தது என்றேன். தமிழில் என்ன சொல்வது என்று கேட்டார். "வைரஸ் தடுப்பு மருந்து" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"அதான் ரெண்டு ஊசி போட்டாச்சே தம்பி. இது எதுக்கு மறுபடியும்?"

நான் சொன்ன தமிழ் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. நோய் வருமுன் உடலைத் தயார் செய்வது தடுப்பூசி. ஆன்டிவைரல் பெரும்பாலும் கிருமி உள்ளே நுழைந்த பிறகு கொடுக்கப்படுவது. இரண்டையும் 'தடுப்பு' என்ற ஒரே கூடையில் போட்டால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

சரி, முதலில் வைரஸைப் பார்ப்போம். பெரியவர் அதைப் பிரெஞ்சு உச்சரிப்பில் 'விரூஸ்' என்பார். எப்படிச் சொன்னாலும் மூலம் லத்தீன். அங்கே அதற்கு நஞ்சு, பிசுபிசுப்பான நீர் என்று பொருள். சமஸ்கிருத 'விஷ'மும் லத்தீன் 'விருஸ்'ஸும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆக விஷம் என்று ஏற்கெனவே நம்மிடம் புழங்கிய சொல்லின் ஒன்றுவிட்ட தம்பிதான் வைரஸ். 1892இல் ருஷ்ய அறிஞர் இவனோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலைச் செடியின் சாற்றைப் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் அதே சோதனையைச் செய்து, அந்தக் கண்ணுக்குத் தெரியாத காரணிக்கு வைரஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் கண்ணில் அது தொற்றும் ஒரு திரவம். நஞ்சு என்ற பழைய பொருள் அதற்குப் பொருந்தத்தான் செய்தது.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் பரவலாக உள்ளன: நச்சுயிரி, தீநுண்மி. நஞ்சு, கூட்டுச்சொல்லில் சேரும்போது நச்சு ஆகிறது, நச்சுப்பாம்பு, நச்சுப்புகை. இரும்பு 'இருப்புப்பாதை' ஆவதும் இதே கணக்குத்தான். மருந்து மருத்துவம் ஆவதிலும் இதே ஓசை மாற்றம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நஞ்சும் மருந்தும் ஒரே மாதிரிதான் வல்லினத்துக்கு மாறுகின்றன! லத்தீன் பொருளுக்கு நெருக்கமானது நச்சுயிரி. வைரஸ் முழு உயிர் ஆகாது, எனவே 'உயிரி' வேண்டாம் என்பவர்கள் நுண்மி என்கிறார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் தீநுண்மியில் உள்ள 'தீ' எனக்கு உறுத்துகிறது. பாக்டீரியாவைத் தின்று தீர்க்கும் வைரஸ்களும் உண்டு. அவற்றையும் தீயவை என்று எப்படிச் சொல்வது? நான் நச்சுயிரி என்றே எழுதப் போகிறேன்.

கொரோனாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லத்தீனில் மாலை, மகுடம். 1968இல் பெயர் வைத்தவர்கள் அரசரின் தலையை நினைக்கவில்லை. மின்னணு நுண்நோக்கியில் தெரிந்த விளிம்பு, சூரியனைச் சுற்றிய ஒளிவட்டத்தை அவர்களுக்கு நினைவூட்டியது. மகுடை என்று சிலர் ஆக்கிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கொரோனா தமிழாகவே ஆகிவிட்டது, விட்டுவிடலாம்.

சிக்கல் 'ஆன்டி'யில்தான். எதிர்ப்பு என்று போடுவதே வழக்கம்: நச்சுயிரி எதிர்ப்பு மருந்து. இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் தமிழில் 'எதிர்ப்பு' இரண்டு பக்கமும் முகம் காட்டும் சொல். மக்கள் எதிர்ப்பு என்றால் மக்கள் காட்டும் எதிர்ப்பு. இந்தி எதிர்ப்பு என்றால் இந்திக்குக் காட்டும் எதிர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் உருபு கிடையாது. போதாததற்கு 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்பது உடலின் சொந்த ஆற்றல். 'மருந்து எதிர்ப்பு' என்பது கிருமி மருந்துக்கு மசியாமல் போவது. ஒரே பத்தியில் மூன்றும் வந்தால் வாசகர் பாடு திண்டாட்டம்.

கொல்லி என்றால்? பூச்சிக்கொல்லி மாதிரி கம்பீரமாக இருக்கிறது, ஆனால் பொய். முழு உயிர் இல்லாததைக் கொல்வது ஒரு புறம் இருக்கட்டும். இந்த மருந்துகள் பெரும்பாலும் செய்வது, நச்சுயிரி தன்னைத் தானே நகல் எடுப்பதை நிறுத்துவதுதான்.

அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே அகப்படும். பாக்டீரியாவுக்குச் சொந்தச் சுவர், சொந்தப் பட்டறை எல்லாம் உண்டு. ஆன்டிபயாட்டிக் அவற்றைத் தாக்கும். நச்சுயிரி நம் செல்லுக்குள் குடிபுகுந்து நம் பட்டறையிலேயே வேலை பார்ப்பது. அதை அடிக்கப் போனால் அடி நமக்கும் விழும். அதற்கென்று சொந்தமாக இருக்கும் சில நொதிகளைத்தான் (என்சைம்) பெரும்பாலும் குறிவைக்க வேண்டும். கொரோனா இனத்தில் இன்னொரு தொல்லை: சுமார் 30,000 எழுத்து நீளமுள்ள தன் மரபுச் செய்தியை நகல் எடுக்கும்போதே அது மெய்ப்புப் பார்க்கிறது. தப்பான எழுத்து விழுந்தால் வெட்டி எறிய ஒரு நொதி வைத்திருக்கிறது. போலி எழுத்தைச் சொருகி நகலைக் கெடுக்கும் பழைய மருந்துகள் பல இந்த மெய்ப்புத் திருத்துநரிடம் மாட்டிக்கொண்டன.

கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிரும் போலி எழுத்துதான், ஆனால் கெட்டிக்காரப் போலி. சேர்ந்தவுடன் காட்டிக்கொள்ளாது. இன்னும் மூன்று எழுத்து ஓடிய பிறகு அச்சை நிறுத்தும். மெய்ப்புக்காரர் அதற்குள் தாண்டிப் போயிருப்பார். மோல்னுபிராவிர் அச்சை நிறுத்துவதே இல்லை. ஓடவிட்டு, நகலுக்கு நகல் பிழையைப் பெருக்கி, கடைசியில் எதற்கும் உதவாத பிரதியாக்கிவிடும். நிர்மட்ரெல்விர் அச்சுப் பக்கமே போகாது. நச்சுயிரி தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து, பிறகு ஒரு நொதியால் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். அந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்வது இந்த மருந்து. 2003இல் கொரோனா இனத்து இன்னொரு நோயான சார்ஸ் வந்தபோதே பைசர் நிறுவனம் இந்தக் கத்தரியைக் குறிவைத்து ஒரு மூலக்கூறு செய்தது. சார்ஸ் அடங்கியதும் அது கிடப்பில் போனது. 2020இல் தூசி தட்டி எடுத்தார்கள்.

இந்தப் பெயர்கள் எல்லாம் 'விர்' என்று முடிவதைக் கவனித்திருப்பீர்கள். மருந்துகளின் பொதுப்பெயர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் முறையில், ஆன்டிவைரல் குடும்பத்துக்கு அதுதான் வால். வைரஸில் இருந்து கிள்ளி எடுத்தது. மோல்னுபிராவிரின் தலைப்பகுதி மட்டும் வட ஐரோப்பியப் புராணத்து இடிக்கடவுள் தோரின் சம்மட்டியிடமிருந்து வந்தது. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரும் இதே குடும்பம். அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொண்ட தலைமுறை இன்னும் வில்லியனூர்ப் பக்கம் இருக்கிறது. அவர்களுக்கும் இன்று மருந்துக்கடையில் கிடைப்பது ஒரு 'விர்'தான்.

இந்த விர்களில் ஊரே மனப்பாடம் செய்தது ரெம்டெசிவிரைத்தான். 2021 மே மாதம் கடலூரில் என் சித்தப்பா மூச்சுத் திணறிக் கிடந்தபோது, ஒரு தனியார் மருத்துவமனை '6 குப்பி' என்று சீட்டில் எழுதி வெளியே வாங்கி வரச் சொன்னது. முதல் நாள் 2, அப்புறம் 4 நாளைக்கு ஒவ்வொன்று. சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் இதற்காக மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. எப்படியோ வாங்கினோம். ஆனால் அந்தக் கட்டத்தில் பெருகும் வேலையை நச்சுயிரி ஏறக்குறைய முடித்திருக்கும். நுரையீரலைப் படுத்துவது பெரும்பாலும் உடலின் சொந்தக் கொதிப்பு. மருத்துவமனையில் கிடப்பவர்களுக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அறிகுறி தொடங்கிய சில நாட்களுக்குள், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில்தான் அது நன்றாக வேலை செய்தது. நிர்மட்ரெல்விரையும் 5 நாளுக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். 'எதிர்ப்பு' என்ற சொல்லில் இந்த அவசரம் எங்கே தெரிகிறது? எப்போது வேண்டுமானாலும் எதிர்க்கலாமே.

அதனால் என் கை போவது 'நச்சுயிரி முடக்கி'க்கு. அந்த ஆண்டுகளில் நாமே பொது முடக்கத்தில் கிடந்தோம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே முள்ளோடை எல்லையில் தடுப்பு போட்டார்கள். கடலூர்க்காரர் எங்கள் ஊர் ஜிப்மர் மருத்துவமனைக்கு வரக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. யாரையும் கொல்லவில்லை, நகரவிடவில்லை, அவ்வளவுதான். மருந்து நச்சுயிரிக்குச் செய்வதும் அதுவே. ஓடிக்கொண்டிருப்பதைத்தான் முடக்க முடியும் என்பதால், நேரத்தோடு கொடுக்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே வந்துவிடுகிறது. அரசுக் கடிதத்திலும் பாடப்புத்தகத்திலும் 'நச்சுயிரி எதிர்ப்பு மருந்து' இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பிழை என்று அடிக்க மாட்டேன்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். முடக்கி, முடக்கி என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"முடக்கத்தான் கீரையில செஞ்சதா தம்பி?"

இல்லை ஐயா, அது முடக்கு அறுத்தான், மூட்டு முடக்கத்தை அறுப்பது. இது முடக்கிப் போடுவது, நேர் எதிர் என்றேன். "அப்போ அதுவும் ஆன்டிதான்" என்றார்.