வைஃபை போகிறதா, நெட் போகிறதா?

"சார், நெட் அடிக்கடி கட் ஆகுது" என்று யாராவது கூப்பிட்டால், நான் கேட்கும் முதல் கேள்வி: "பக்கத்தில் இருக்கும் போனில் வருதா?" பாதிப் பேர் வருது என்பார்கள். அந்தப் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் ஆசிரியர் ஒருவர் வீட்டில் டேட்டாவை அணைத்த பிறகும் போன் நன்றாகவே ஓடியது, டெஸ்க்டாப்தான் திணறியது. அதற்குள் நெட் கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து ரூட்டரையே மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னல்களாகத் திறந்தேன். ஒன்றில் ரூட்டருக்குத் தொடர்ந்து பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை), இன்னொன்றில் வெளியே கூகுளின் 8.8.8.8 சர்வருக்கு. ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இரண்டிலும் பதில் தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள், வைஃபையில். ரூட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளியே மட்டும் விட்டுவிட்டுப் போனால் அது லைன் கோளாறு. அப்போது தாராளமாகச் சண்டை போடலாம்.

அவர் வீட்டில் ரூட்டரின் பதில் 2, 3 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்தது. சரி, கோளாறு வரட்டும் என்று காத்திருந்தோம். பாட வீடியோவை எடுக்க அவர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினார். 3 என்பது 400 ஆனது. அப்புறம் பதிலே இல்லை. டிஸ்க்கைப் பிடுங்கினால் மறுபடி 3.

வைஃபை டாங்கிளும் (டெஸ்க்டாப்புக்கு வைஃபை தரும் சின்ன யூஎஸ்பி துண்டு) ஹார்ட் டிஸ்க்கும் பின்புறம் பக்கத்துப் பக்கத்து யூஎஸ்பி போர்ட்டில் இருந்தன. யூஎஸ்பி 3.0-இல் தரவு ஓடும்போது கிளம்பும் இரைச்சல், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கும் அதே அலைவரிசையிலும் விழும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் வேலை.

எல்லா வீட்டிலும் இதே காரணம் இருக்காது. மதர்போர்டோடு வந்த வைஃபை ஆன்டெனா மாட்டப்படாமல் பெட்டிக்குள்ளேயே தூங்கிய வீடுகளும் உண்டு. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் வைஃபை துண்டிக்கிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் ரூட்டர் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்ததை வையுங்கள். ரூட்டர் பக்கத்து அறையில்தான் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கே மாறிவிடலாம். ஆனால் தூரமும் கான்கிரீட் சுவரும் அதற்கு ஆகாது. ரூட்டரை ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள்.

என்னைக் கேட்டால், இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு லான் கேபிள்தான் சரி. ஆசிரியருக்கும் அதைத்தான் முதலில் சொன்னேன். ரூட்டர் கீழே ஹாலில், கம்ப்யூட்டர் மாடியில். சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை.