பஃபர்: இடையகமா, தாங்கலா?

நாகர்கோவிலில் மாணவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வி வருகிறது. நொடிக்கு ஒன்றாகப் பத்துப் புள்ளிகளை ஒரே வரியில் திரையில் காட்டும் நிரலை எழுதச் சொல்வேன். ஓடவிட்டால் பத்து நொடி திரை வெறுமையாகக் கிடக்கும். பிறகு பத்துப் புள்ளிகளும் மொத்தமாக வந்து விழும். “சார், இவ்வளவு நேரம் நிரல் சும்மாவா இருந்தது?” என்பார்கள். சும்மா இல்லை. நொடிதோறும் எழுதிக்கொண்டுதான் இருந்தது. எழுதியது திரைக்குப் போகாமல் நடுவே தேங்கிக் கிடந்தது. அப்படித் தேங்கும் நினைவகப் பகுதிக்குத்தான் பஃபர் என்று பெயர்.

சொல்லின் வேர், அடி அல்லது குத்து என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல். ஆங்கிலத்துக்கு வந்தபின், மெத்தென்ற பொருள் அடியை வாங்கிக்கொள்வதைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பெட்டிகள் மோதும்போது அதிர்ச்சியை வாங்கும் வில் அமைப்புக்குப் பஃபர் என்று பெயரிட்டார்கள். கன்னியாகுமரியைப் போலத் தண்டவாளம் முடிந்துபோகும் நிலையங்களில் கடைசியாக நிற்கும் தடுப்புக்கும் இந்தப் பெயர் உண்டு. கணினியில் மோதுபவை இரண்டு வேகங்கள்: நிரல் வேகமானது, திரையும் வட்டும் அதற்கு ஈடுகொடுக்க முடியாதவை.

தேக்குவது எதற்காக? விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகை நினைத்துப் பாருங்கள். ஒருவர் டிக்கெட் எடுத்ததும் அவருக்காக மட்டும் படகை எடுப்பதில்லை. ஆள் சேர்ந்த பிறகே புறப்படுகிறது. ஓர் எழுத்தை வெளியே அனுப்புவதற்கும் இயங்குதளத்தை ஒருமுறை அழைத்தாக வேண்டும். ஆயிரம் எழுத்துக்கும் ஓர் அழைப்பே போதும். பைத்தானில் நெடுங்காலமாக இந்தத் தேக்கத்தின் வழக்கமான அளவு 8,192 பைட்டாக இருந்தது.

தமிழில் கணினிக் கலைச்சொல்லாக இடையகம் புழங்குகிறது. நினைவகம், நூலகம் போல இடை, அகம் சேர்ந்த சொல். குறை சொல்ல முடியாத ஆக்கம். ஆனால் அது இருக்கும் இடத்தைச் சொல்கிறதே ஒழிய, செய்யும் வேலையைச் சொல்லவில்லை. வேதியியல் பாடநூலோ பஃபர் கரைசலைத் தாங்கல் கரைசல் என்கிறது. எனக்கு இந்தத் தாங்கல்தான் பிடித்திருக்கிறது. தாங்குதல் என்றால் அடியைப் பொறுத்தல். ரயில் பஃபரின் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. அதோடு, பாசனத்துக்காக நீரைத் தேக்கும் ஏரிக்கும் தாங்கல் என்று தமிழில் பெயர் உண்டு. நாஞ்சில் நாட்டில் நாங்கள் குளம் என்றுதான் சொல்வோம்; வடக்கே வேடந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அந்தத் தாங்கல் இன்னும் நிற்கிறது. அடியைத் தாங்குவது, வந்ததைத் தேக்குவது என்ற இரண்டு பொருளையும் ஒரே சொல் சுமக்கும்போது வேறு சொல்லை ஏன் தேட வேண்டும்? எனவே தேக்கி அனுப்பும் உரை வெளியீட்டைத் தாங்கல்வழி உரை வெளியீடு என்பேன்.

குளத்தை ஏற்றுக்கொண்டால் மற்றச் சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய்களில் வந்து குளங்களில் நிறைகிறது. வயலுக்கு வேண்டியபோது மடையைத் திறக்கிறோம். தேங்கிய எழுத்துகளை உடனே வெளியேற்றும் ஃபிளஷ் கட்டளைக்கு மடைதிறத்தலைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. பைத்தானின் பிரிண்ட் கட்டளைக்குள்ளேயே மடைதிறக்கும் வசதி 2012இல் 3.3 பதிப்பில் வந்தது. அதைச் சேர்த்தால் அந்தப் பத்துப் புள்ளிகளும் நொடிக்கு ஒன்றாகவே வரும்.

திரைக்கு எழுதும்போது வரி முடிந்ததும் மடை தானே திறக்கும். அது வரித் தாங்கல். மாணவர்களின் புள்ளிகள் தேங்கியது வரி முடியாததால்தான். கோப்புக்கு எழுதும்போது தாங்கல் நிறையும்வரை காத்திருக்கும். அது முழுத் தாங்கல். நிறைந்ததும் தானாக வெளியேறுவதை எங்கள் ஊர் வழக்கில் மறுகால் பாய்தல் என்னலாம். நடுவில் நிரல் முறிந்துபோனால் தேங்கியிருந்தது கோப்பை எட்டாமலே அழிந்துவிடும். பிழைச் செய்தி அப்படி அழிந்துவிடக் கூடாது என்பதால்தான் சி மொழியில் பிழைகளுக்கான தனி வெளியீடு முழுத் தாங்கலில் நிற்பதில்லை.

ஓவர்ஃப்ளோ என்ற சொல்லை மட்டும் மறுகாலோடு குழப்பிவிடக் கூடாது. மறுகால் முறையான வழி. கொள்ளளவைச் சோதிக்காமல் எழுதி, பக்கத்து நினைவகத்தை அழிப்பது கரை உடைப்பு. 1988இல் பரவிய, தானே பரவும் நிரலான மோரிஸ் புழு, பிற கணினிகளுக்குள் நுழையப் பயன்படுத்திய வழிகளில் இந்தக் கரை உடைப்பும் ஒன்று. அங்கே உடைந்தது உள்ளீட்டுத் தாங்கல்.

செல்பேசியில் வீடியோ நின்று வட்டம் சுற்றும்போது “பஃபர் ஆகிறது” என்கிறோம். அதனால் பஃபர் என்றாலே தடங்கல் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. ஓடையாக வரும் படத்தைச் சேர்த்துவைத்து, நிற்காமல் காட்ட உதவுவதுதான் அந்தத் தாங்கல். வரத்து குறைந்து அது வற்றிப்போனதால்தான் படம் நிற்கிறது. சுற்றும் வட்டம், தாங்கல் மறுபடி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.