தாழ்தளப் பேருந்து: ஒரு சொல் விளக்கம்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆட்களிடம் ‘லோ ஃப்ளோர்’ என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள். பாதிப்பேர் ‘ஏசி பஸ்’ என்பார்கள். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனைக்கும் போய்வருகிறவர்கள் அங்கே ஓடும் வால்வோ வண்டிகளிலிருந்து கொண்டுவந்த சொல் அது. அந்த வண்டிகளில் குளிர்சாதனம் உண்டு, கட்டணமும் கூடுதல். படியில்லாமல் ஏறும்படி வண்டியின் தளம் தாழ்வாக இருப்பதைச் சொல்ல வந்த சொல் இப்படித்தான் சொகுசைச் சொல்லும் சொல்லாகத் திரிந்தது. அதற்கு இணையாகத் தமிழில் வழங்குவது தாழ்தளப் பேருந்து. சென்னையில் 2024 ஆகஸ்ட்டில் இவ்வகை வண்டிகள் விடப்பட்டபோது நாளிதழ்களில் நிறைய அடிபட்டது.

‘பேருந்து’ எளிது. பெருமை + உந்து. ‘மை’ கெட்டு முதலெழுத்து நீண்டு பேருந்து. பேரூர், பேரரசு போலத்தான். ‘உந்து’ என்றால் தள்ளு, செலுத்து. பஸ்ஸின் கதைதான் வேடிக்கை. 1820களில் பிரான்சின் நான்ட் நகரில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று விட்ட குதிரை வண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர் வந்தது. லத்தீனில் அதற்கு ‘எல்லோருக்கும்’ என்று பொருள். அதில் ‘எல்லோர்’ என்ற பகுதியை வெட்டிவிட்டு, வேற்றுமை உருபின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் ‘பஸ்’. நம் ‘கு’ உருபைக் கொண்டு ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தது போல. முழுச்சொல்லான ‘ஆம்னி பஸ்’ஸோ தமிழ்நாட்டில், நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ராத்திரி போகிற தனியார் வண்டிக்குப் போய்விட்டது. பண்டிகை நாளில் அதன் டிக்கெட் விலையைப் பார்த்தவர் யாரும் அதை ‘எல்லோருக்கும்’ என்று சொல்ல மாட்டார்.

இனி ‘தாழ்தளம்’. தளம் நமக்குப் பழகியது: மேல்தளம், தளவரிசை, கான்கிரீட் தளம். உயிர் இருப்பது ‘தாழ்’ என்பதில். இது வினைத்தொகை. தாழ்ந்த தளம், தாழ்கின்ற தளம், தாழும் தளம் என முக்காலமும் உள்ளே ஒளிந்திருக்கிறது. வாக்குச்சாவடியிலும் அரசு அலுவலகத்திலும் சக்கர நாற்காலிக்காகப் போடும் ‘சாய்தளம்’ இதே அச்சில் வார்த்தது. ‘தாழ்வான தளப் பேருந்து’ என்று சிலர் விரித்து எழுதுகிறார்கள்; அதில் தளம் நின்ற இடத்தில் நின்றுவிடுகிறது. உண்மையான தாழ்தள வண்டி அசைகிறது. நிறுத்தத்தில் நின்றதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். சக்கரத்தின் மேலுள்ள காற்றுப்பையிலிருந்து காற்று இறங்கி, வாசல் பக்கம் வண்டி சில அங்குலம் சரிந்துகொடுக்கும். ஆள் ஏறியதும் மறுபடி நிமிரும். ‘தாழும்’ என்ற எதிர்காலப் பொருள் வண்டிக்கே பொருந்துகிற இடம் இது. குமரித் தமிழில் சொன்னால், முட்டுவலிக்காரருக்காக வண்டி முட்டுக்குத்துகிறது, அதாவது மண்டியிடுகிறது.

எங்கள் காதுக்கு இந்தச் சொல் அந்நியமும் இல்லை. ‘கீழே’ என்று சொல்லுமிடத்தில் இந்த மாவட்டத்தில் ‘தாழ’ என்போம்: தாழ வச்சிரு, தாழ விழுந்துட்டு. ஏறுவதற்குக் கல்குளம், விளவங்கோடு பக்கம் ‘கேறு’. நாகர்கோவில் அண்ணா பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆச்சி டவுன் பஸ்ஸில் கேறுவதைக் கவனியுங்கள். முதலில் பை மேல்படிக்குப் போகும். பிறகு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதல் படியில் வைத்து, மற்றக் காலை இழுத்துக்கொள்வார். அதற்குள் விசில் ஊதினால் “பொறு மக்ளே, கேறட்டு” என்று ஒரு சத்தம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை. இருந்தும் அந்த முதல் படிக்குப் பயந்து ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அளவுக்கு வருவோம். நகரப் பேருந்துகளுக்கான மத்திய அரசின் விவரக்குறிப்பு, தரையிலிருந்து தளத்தின் உயரத்தை 400, 650, 900 மி.மீ. என மூன்றாகப் பிரிக்கிறது. தாழ்தளம் என்ற பெயருக்கு உரியது 400 மட்டுமே. 650-ஐ அரைத்தாழ்தளம் எனலாம். அதன் வாசலில் படி இருக்கும். புது வண்டி எது வந்தாலும் ‘தாழ்தளம்’ என்று செய்தி போடும் வழக்கத்தை விட்டால் நல்லது. வாசலில் படி தெரிந்தால் அது தாழ்தளம் ஆகாது. (‘தாழ்தள பேருந்து’ என்று எழுதுவதும் பிழை. ‘ப்’ மிகும்.)

ஆனால் வீட்டு மாடிப்படி ஒன்று ஏறத்தாழ 150 முதல் 175 மி.மீ.தான் இருக்கும். அப்படியானால் 400 என்பதே சாலையிலிருந்து இரண்டு படிக்கு மேல். உயர்த்திய நடைமேடையை ஒட்டி வண்டி நின்றால்தான் வித்தியாசம் காலுக்குத் தெரியும். குமரியில் பல நிறுத்தங்களில் நடைமேடையே கிடையாது; சாலை முடிகிற இடத்தில் ஓடை தொடங்கும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை வழித்தடங்களின் ஏற்றத்திலும் வளைவிலும் வேகத்தடையிலும் தாழ்ந்த அடிப்பாகம் உரசும். அங்கே ஓட வேண்டிய வண்டிக்கு வேறொரு சொல் தேவை. ‘தாழ்படி’ என்று சொல்லிப்பார்க்கிறேன்: வாசலுக்கு அடியிலிருந்து வெளியே நீண்டு, ஆள் ஏறியதும் மடங்கிக்கொள்ளும் கூடுதல் படி. தளம் உயரத்திலேயே இருக்கட்டும், முதல் படி தாழ வரட்டும். நாகர்கோவில் நகருக்குள் தாழ்தளம், மலைப்பாதைக்குத் தாழ்படி. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் டெண்டரில் எது வாங்கினாலும் கணக்கு சரியாகிவிடும்.