குறி தவறும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது?

முப்பட்டகம் பொருத்திய கண்ணாடியை அணிந்துகொண்டு சுவரில் வரைந்த வட்டத்தை நோக்கிப் பந்தை எறிபவருக்கு முதல் எறிதல் குறி தவறும். முப்பட்டகம் ஒளியை விலக்குவதால், வட்டம் அது இருக்கும் இடத்திலிருந்து சற்று இடப்புறம் தள்ளித் தெரிகிறது. கண்ணை நம்பும் கையும் இடப்புறமே எறிகிறது. அடுத்தடுத்த எறிதல்களில் விலகல் படிப்படியாகக் குறைந்து, இருபது முப்பது முறைக்குள் பந்து வட்டத்தின் நடுவில் விழத் தொடங்கும். அதன்பின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எறியச் சொன்னால், பார்வை சரியாகிவிட்டபோதும், பந்து இப்போது வலப்புறம் விலகிப் போகிறது. எறிபவர் மனத்தில் கணக்குப் போட்டுத்தான் திருத்திக்கொண்டார் என்றால், கண்ணாடி கழன்றதுமே அந்தக் கணக்கையும் கைவிட்டிருப்பார். திருத்தமோ அவர் அறியாமலே, பார்வையைக் கையசைவாக மாற்றும் நரம்புப் பாதைகளில் பதிந்துவிட்டது.

அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப்பகுதியான சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இதே சோதனையை ஆய்வாளர்கள் நடத்தி, 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பலருக்கு எத்தனை முறை எறிந்தாலும் விலகல் குறையவில்லை; கண்ணாடியைக் கழற்றிய பிறகு எதிர்ப்பக்க விலகலும் தோன்றவில்லை. பந்து தவறான இடத்தில் விழுவது அவர்கள் கண்முன்னேதான் நடந்தது. பிழையைக் காண்பதற்கும் அதனால் மாறுவதற்கும் இடையே ஓர் இயந்திரம் இயங்க வேண்டும் என்பதையும், அது பழுதானால் பிழை வெறும் பிழையாகவே நின்றுவிடும் என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சோதனையை நான் அறியேன்.

அந்த இயந்திரத்தின் முக்கிய உறுப்பு, சிறுமூளையில் கிளைபரப்பி நிற்கும் பர்கின்ஜி செல் என்ற நரம்பணு. ஒவ்வொரு பர்கின்ஜி செல்லுக்கும், உடலின் நிலையையும் செய்யவிருக்கும் அசைவையும் பற்றிய செய்திகள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. இவை தவிர, ஏறுநார் எனப்படும் தனி இழை ஒன்றும் அதைச் சுற்றிப் படர்ந்திருக்கிறது. அசைவு பிழையாகும்போது அதை அறிவிக்கும் சைகை இந்த வழியாக வருகிறது. ஏறுநாரின் சைகை வரும் நேரத்தில் அந்த மெல்லிய இழைகளின் எந்த இணைப்புகள் செயல்பட்டுக்கொண்டிருந்தனவோ அவை மட்டும் வலுவிழக்கும் என்று 1971-இல் பொறியியலாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் கணித்தார். ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ இட்டோவும் அவருடைய குழுவினரும் 1982-இல் அதற்கான சான்றைக் கண்டறிந்தார்கள். பிழைக்குக் காரணமான இணைப்புகளைத் தேடிப்பிடித்து, மற்றவற்றைத் தொடாமல் விடும் இந்த நுட்பத்தால்தான், ஒரு தவறான எறிதலுக்குப் பிறகு நாம் எறிவதையே மறந்துவிடுவதில்லை.

கையசைவுக்கு இப்படி என்றால், எதைச் செய்தால் நற்பலன் கிடைக்கும் என்பதைக் கற்க மூளை டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்துகிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் உள்ள டோபமைன் நரம்பணுக்களின் துடிப்புகளைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் ஒரு துளி பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் விறுவிறுவெனத் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பின்னர், துடிப்பு விளக்கு எரியும் கணத்துக்கு இடம் மாறிவிட்டது. எதிர்பார்த்தபடியே வந்த சாறு எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை. அதன்பின் விளக்கை எரியவிட்டு, சாற்றைத் தராமல் நிறுத்தினார்கள். சாறு வந்திருக்க வேண்டிய அதே கணத்தில் அணுக்களின் வழக்கமான துடிப்பு சட்டென அடங்கியது. வெளியே அந்தக் கணத்தில் எதுவுமே நிகழவில்லை. நிகழாமல் போனதைத்தான் மூளை குறித்துக்கொண்டது. ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் ஆகிய மூவரும் 1997-இல் எழுதிய கட்டுரை இதற்கு விளக்கம் தந்தது: அந்த அணுக்கள் தெரிவிப்பது, கிடைத்த பலனுக்கும் எதிர்பார்த்த பலனுக்கும் உள்ள வேறுபாட்டையே.

ஆகவே எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் வேறுபாடு இல்லாத இடத்தில் இந்தப் பாடமும் இல்லை. 2001-இல் உளவியலாளர்கள் பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் வெளியிட்ட ஆய்வு இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பொது அறிவுக் கேள்விகளுக்கு விடை சொல்லி, அந்த விடையில் தங்களுக்குள்ள உறுதியையும் மதிப்பிட்டவர்களுக்குச் சரியான விடை பின்னர் தெரிவிக்கப்பட்டது. அரைமனத்தோடு சொன்ன தவறான விடைகளைவிட, மிக உறுதியாகச் சொன்ன தவறான விடைகளே மறுதேர்வில் அதிகம் திருந்தியிருந்தன. நம்பிக்கை எவ்வளவு உயரமோ, அது பொய்க்கும்போது வியப்பும் அவ்வளவு பெரிது; வியப்பு கவனத்தை இழுத்துவந்து சரியான விடையின்மேல் நிறுத்துகிறது.

தோல்வியே வெற்றியின் முதற்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் எழுதித் திருப்பித் தருவது இதனால்தான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் விலகினோம் என்ற செய்தி அந்த எண்ணில் இல்லை. பந்து எங்கே விழுந்தது என்பதை மறைத்துவிட்டு, மறுபடி எறியச் சொல்வதைப் போன்றது அது.

செய்தி கிடைத்தாலும் அது உள்ளே போகாமல் தடுக்கும் ஒன்று நம்மிடமே உண்டு. உளவியலாளர்கள் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் ஃபிஷ்பாக்கும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைகள் தரப்பட்டன. ஒன்று தவறு என்று தெரிந்தால் மற்றது சரி என்று ஆகிவிடுவதால், "உங்கள் விடை தவறு" என்பதும் "உங்கள் விடை சரி" என்பதும் ஒரே அளவு செய்தியைத்தான் தருகின்றன. அப்படியிருந்தும், தவறு என்று சொல்லப்பட்டவர்கள் குறைவாகவே கற்றிருந்தார்கள். தன்மதிப்பில் அடி விழுந்ததும் மனம் அந்தச் செய்தியிலிருந்து விலகிக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வேறொருவர் தவறு செய்வதைப் பார்த்துக் கற்கச் சொன்னபோது அந்த இழப்பு தென்படவில்லை. பிறர் தோல்வியிலிருந்தும் பிறர் வெற்றியிலிருந்தும் அவர்கள் ஒரே அளவில் கற்றார்கள்.