அகதீசியா: தமிழில் இருப்புக்கொள்ளாமை

கிளினிக்கல் சைக்காலஜி படிப்பவர்கள் மருந்துச் சீட்டு எழுதப்போவதில்லை. நம் நாட்டில் அது மனநல மருத்துவரின் வேலை. ஆனாலும் மருந்துகளின் பக்கவிளைவுகளை அவர்கள் படித்தே ஆக வேண்டும். ஏன் என்று கேட்டால், அகதீசியா என்ற ஒரு சொல்லே போதும்.

சொல் கிரேக்கம். 'அ' என்பது இன்மை, 'கதீசிஸ்' என்பது உட்காருதல். சேர்த்தால் உட்கார முடியாமை. 1901இல் இந்தப் பெயரை வைத்தவர் பிராகா நகரத்து மருத்துவர் லடிஸ்லாவ் ஹஷ்கோவெட்ஸ். இன்றைய மனநோய் மாத்திரைகள் எதுவும் அப்போது இல்லை. குளோர்புரோமசைன் 1952இல்தான் மனநல சிகிச்சைக்கு வந்தது. ஹாலோபெரிடால் 1958இல் உருவானது. அவற்றை எடுத்துக்கொண்ட பலரிடம் அதே தவிப்பு தெரிந்தபோது பழைய பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. சில மனச்சோர்வு மாத்திரைகளும், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடும்கூட இதைக் கிளப்பும்.

பார்த்தால் இப்படி இருக்கும்: உட்கார்ந்தவர் காலை மாற்றி மாற்றிப் போடுவார், எழுந்துவிடுவார். நின்றால் ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரம் மாறிக்கொண்டே இருக்கும். நடந்தால் கொஞ்சம் தணியும். உள்ளே இருக்கும் அவஸ்தை வெளியே தெரிவதைவிடப் பெரிது. தாங்க முடியாமல் உயிரை விடத் துணிந்தவர்களும் உண்டு.

தமிழில் இதை 'அமைதியின்மை' என்று எழுதுகிறார்கள். அது ரொம்பப் பொதுவான சொல், ஊர்க் கலவரத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம். 'பதற்றம்' என்பது தவறான பக்கமே இழுத்துவிடும். ராமநாதபுரம் கரையில் தாய்மார்கள் வாயில் சரியான சொல் தயாராக இருக்கிறது. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு மகனைக் கூட்டி வரும் ஒரு அம்மா எப்படிச் சொல்வார்? "ஊசி போட்டதுல இருந்து இவனுக்கு இருப்பே கொள்ளல தம்பி, நடந்துக்கிட்டே இருக்கான்." இருப்பு என்றால் ஓரிடத்தில் தங்குதல். அது கொள்ளாமல் போவதுதான் இருப்புக்கொள்ளாமை. கிரேக்கச் சொல்லின் பொருள் அப்படியே இதில் இருக்கிறது, உடம்பின் தவிப்பும் மனத்தின் தவிப்பும் கூடவே வந்துவிடுகின்றன.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காற்றடிக்கும் ராத்திரியில் கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் பாம்பனில் வீட்டுக்காரிக்கும் இருப்புக்கொள்ளாது. அது கவலை, மருந்து அல்ல. அதனால் சொல்லைக் கேட்டதும் அடுத்த கேள்வி கேட்க வேண்டும்: எப்போதிலிருந்து? ஊசி போட்ட பிறகா, மாத்திரையைக் கூட்டிய பிறகா? கால் நிற்க மாட்டேன் என்கிறதா, மனசு நிற்க மாட்டேன் என்கிறதா? இதைக் கேட்காமல் 'நோய் முற்றிவிட்டது' என்று எழுதினால் மருந்தின் அளவு கூடும், தவிப்பும் கூடும். பயிற்சி மாணவர் செய்யக்கூடிய மிக மோசமான பிழைகளில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

ஏர்வாடியில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. நடந்துகொண்டே இருப்பவரைக் கட்டிப்போடும் வழக்கம் இருந்த இடத்தில், அவர் ஏன் நடக்கிறார் என்று கேட்பது முதல் கடமை. தர்காவில் துஆவோடு, அதாவது பிரார்த்தனையோடு, மருந்தும் கிடைக்க வழிசெய்யும் 'தவா-துஆ' திட்டம் இப்போது இருக்கிறது, கேட்பதற்கு இடமும் இருக்கிறது.

அளப்பதற்கு 1989இல் மனநல மருத்துவர் பார்ன்ஸ் வகுத்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். உட்கார வைத்து இரண்டு நிமிடம், நிற்க வைத்து இரண்டு நிமிடம், பொதுவாகப் பேசிக்கொண்டே பார்க்க வேண்டும். அப்புறம் உள்ளே எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டும். அகதீசியாதான் என்று தெரிந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார், அல்லது புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்ப்பார். வீட்டார் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

கேஸ் ஷீட்டில் தமிழில் எழுதுவதானால், 'இருப்புக்கொள்ளாமை, ஊசி போட்ட மூன்றாம் நாளிலிருந்து, நடந்தால் தணிகிறது' என்று எழுதலாம். படிக்கிற மருத்துவருக்கு அவ்வளவு போதும்.