ஜல்லிக் குவியலில் தொடங்கும் பாறைப் பாடம்

பாறைச் சுழற்சி (ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறுவது) என்றதும் பாடப்புத்தகத்தில் ஒரு வட்டம் வந்துவிடும்: தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை, இடையில் அம்புக்குறிகள். பிள்ளைகள் அதை அப்படியே ஒப்பிப்பார்கள். ஆனால் தெருவில் கிடக்கும் கல் ஒன்றைக் கையில் கொடுத்தால் என்ன சொல்வதென்று தெரியாது. வட்டம் கடைசியில் வரட்டும். முதலில் கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து நாலு ஜல்லியும் ஒரு லென்ஸும் போதும்.

ஜல்லியைக் கழுவி, ஈரத்தோடு பாருங்கள். பல ஜல்லிகளில் வெவ்வேறு நிறத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இருக்கும். அவை ஏன் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கின்றன? இதற்குப் படிகாரம் பதில் சொல்லும். சுடுதண்ணீரில் இனிமேல் கரையாது என்னும் வரை படிகாரத்தைப் போட்டுக் கலக்கி, தெளிந்த கரைசலை இரண்டு டம்ளர்களில் ஊற்ற வேண்டும் (இதைப் பெரியவர்கள் செய்யட்டும்). ஒன்றை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். மற்றதைத் துணியால் சுற்றி இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். வேகமாகக் குளிர்ந்ததில் பொடிப்பொடியான படிகங்கள் இருக்கும். மெதுவாகக் குளிர்ந்ததில் பெரிய படிகங்கள். இது உருகிய பாறை அல்ல, வெறும் கரைசல்தான். ஆனாலும் உருகிய பாறை குளிர்ந்து இறுகும் தீப்பாறைக்கும் விதி ஒன்றே. மண்ணுக்கடியில் மிக மெதுவாகக் குளிர்ந்த கிரானைட்டில் துகள்கள் பெரியவை. தரைமேல் வழிந்து சட்டென்று இறுகிய தக்காணத்துப் பசால்ட்டில் அவை கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை.

உருமாறிய பாறையில்தான் குழப்பம் அதிகம். மெழுகு வண்ணக்குச்சிகளைச் சீவி, அழுத்தி, கடைசியில் உருக்கிக் காட்டும் செய்முறை பள்ளிகளில் பிரபலம். அது எனக்குப் பிடிப்பதில்லை. வெப்பம் பட்டாலே பாறை உருகிவிடும் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொள்கிறது. உருகிவிட்டால் அது தீப்பாறையின் கதை. உருமாற்றம் பாறை திடமாக இருக்கும்போதே நடப்பது. இதற்குச் சப்பாத்தி மாவே மேல். மாவில் அரிசியைக் கண்டபடி கலந்து உருட்டி, மேலிருந்து பலகையால் அழுத்தி, நடுவில் வெட்டிப் பாருங்கள். அரிசிகள் பெரும்பாலும் அழுத்தத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். நைஸ் (gneiss) என்ற உருமாறிய பாறையில் தெரியும் வரிகளுக்கு இப்படிப்பட்ட அழுத்தம் ஒரு முக்கியக் காரணம்.

சென்னைப் பிள்ளைகளுக்குப் பரங்கிமலையும் பல்லாவரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்குள்ள கரும்பாறை சார்னோக்கைட். கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு வெகு ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் உருவான பாறை இது. இன்று அதன்மேல் நாம் நிற்கிறோம் என்றால், மேலே இருந்த பல கிலோமீட்டர் பாறையும் அரிக்கப்பட்டுப் போயிருக்க வேண்டும்.

அரித்தது எங்கே போனது? பாட்டில் தண்ணீரில் சரளை, மணல், களிமண் போட்டுக் குலுக்கி வையுங்கள். சரளை உடனே இறங்கும், அப்புறம் மணல். களிமண் அடங்க மணிக்கணக்கில் ஆகும். ஆறு வேகம் குறையும் இடங்களிலும் இதே வரிசைதான். அப்படிப் படிந்தது இறுகினால் படிவுப் பாறை.

கடைசிச் சோதனைக்கு வினிகர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் சொட்டுவிட்டால் நுரைக்கும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. (வகுப்பறைச் சாக்பீஸில் முயன்று ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் ஜிப்சம்.) திருநெல்வேலி தாழையூத்துக் கல்லைச் சுரண்டிப் பொடியாக்கிச் சொட்டுவிட்டால் அதுவும் நுரைக்கும். இரண்டும் சிமென்ட் ஆலைக்குப் போகிற கற்கள்தான். லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். டைனோசர் காலத்தில் அரியலூர்ப் பகுதியில் கடல் இருந்தது. அந்தக் கல்லில் சிப்பிகளின் தடயத்தைத் தேடலாம். தாழையூத்துக் கல் ஆழத்தில் வெந்து உருமாறியது. அதில் மின்னும் படிகங்கள்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்கு என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். வட்டத்தை அவர்களே வரையட்டும், அம்புக்குறிகளையும் அவர்களே போடட்டும்.