ஸ்பிங்கோலிப்பிட்: பெயர் வந்த கதையும் தாவரச் செல்லின் சாவும்

செல் சவ்வில் இருக்கும் ஒரு லிப்பிட் வகையான ஸ்பிங்கோலிப்பிட் என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடினால் பெரும்பாலும் அதே சொல்தான் தமிழ் எழுத்தில் திரும்பக் கிடைக்கும். அதில் தப்பில்லை. ஆனால் சொல்லுக்குள் என்ன இருக்கிறது, அந்தப் பொருள் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எதைத் தமிழாக்க வேண்டும், எதை அப்படியே விட வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

லிப்பிட் என்ற பின்பாதி, கொழுப்பைக் குறிக்கும் லிபோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்பாதி ஸ்பிங்ஸ் என்ற கிரேக்கப் புராண உயிரிடம் போகிறது: பெண்ணின் தலை, சிங்க உடல், சிறகு. தீப்ஸ் நகரத்து வழியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் விடுகதை போடும், விடை தெரியாதவரைக் கொன்றுவிடும். இதை வேதியியலுக்குள் கொண்டுவந்தவர், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் மருத்துவராக இருந்த யோஹான் தூடிஹும். மூளையில் இருக்கும் வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தவருக்கு, பிடிபடாத ஒரு பொருள் கிடைத்தது. ஆராய்பவருக்கு அது போட்ட புதிர்களின் நினைவாக ஸ்பிங்கோசின் என்று பெயர் வைத்ததாக, 1884-ல் வெளியான தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பொருள் எப்படிப்பட்டது என்று பெயர் ஒன்றும் சொல்வதில்லை, ஆராய்ந்தவரின் திகைப்பைத்தான் சொல்கிறது.

சரி, பொருள் என்ன? செரின் என்ற அமினோ அமிலமும் பால்மிட்டிக் அமிலமும் சேர்ந்து முதலில் ஒரு நீள்சங்கிலிக் காரம் உருவாகிறது. தூடிஹுமின் ஸ்பிங்கோசின் இந்த வகைதான்; தாவரங்களில் அதிகம் இருப்பது அதன் நெருங்கிய உறவான பைட்டோஸ்பிங்கோசின். காரத்தோடு ஒரு கொழுப்பு அமிலம் இணைந்தால் செராமைடு. செராமைடின் தலையில் சர்க்கரை போன்ற ஒரு தொகுதி ஏறினால் முழு ஸ்பிங்கோலிப்பிட். செல் சவ்வின் வெளியடுக்கில் இவை நிறைய இருக்கின்றன, ஆனால் சவ்வு என்றால் பாஸ்போலிப்பிட் இரட்டை அடுக்கு என்று பாடத்தில் படித்துவிட்டு நகர்ந்துவிடுவதால் இவை நம் கண்ணில் படுவதில்லை.

இவை வெறும் கட்டுமானப் பொருள் இல்லை என்பதைத் தக்காளிச் செடி காட்டிக்கொடுத்தது. கலிபோர்னியாவில் தக்காளியைத் தாக்கிய ஒரு தண்டுச் சொறி நோயை 1975-ல் விவரித்தார்கள். ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை தண்டில் குடியிருக்கும், அங்கே கரும்பழுப்பு நிறத்தில் வளையம் வளையமாகப் புண் தெரியும். அப்புறம் மேலே இலையைப் பார்த்தால் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி கருகிக் கிடக்கும், ஆனால் அந்த இலையில் பூஞ்சையே இருக்காது. பூஞ்சை உண்டாக்கி, தண்டிலிருந்து ஏறிவந்த ஏ.ஏ.எல். நச்சு செய்த வேலை அது.

அந்த நச்சின் வடிவம் நீள்சங்கிலிக் காரத்தின் வடிவத்தை ஒத்தது. காரத்தையும் கொழுப்பு அமிலத்தையும் இணைத்துச் செராமைடு செய்கிற நொதி ஏமாந்துபோய் நச்சைப் பிடித்துக்கொள்கிறது, வேலை நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய நொதிகள் காரத்தை உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால், அரைவை நின்ற ஆலையின் வாசலில் கரும்பு வண்டிகள் சேர்வதுபோல அது செல்லுக்குள் குவிகிறது. இப்படிக் குவியும் காரம் செல்லுக்கு ஒரு கட்டளையாகிவிடுகிறது: தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் வகைகள் பெருகும், எம்.பி.கே.6 என்ற நொதி விழித்துக்கொள்ளும், செல் தன்னிடம் இருக்கும் கருவிகளாலேயே தன்னைச் சிதைத்துக்கொள்ளும். செராமைடு பற்றாமல் போனதுதான் காரணமாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். காரத்தைச் செய்யும் முதல் நொதி பழுதான அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடிக்கு இதே குடும்பத்து இன்னொரு நச்சைக் கொடுத்தால் அது தாக்குப்பிடிக்கிறது. பற்றாக்குறைதான் கொல்கிறது என்றால் இந்தச் செடி முதலில் செத்திருக்க வேண்டும்.

அந்த இன்னொரு நச்சின் பெயர் ஃபியூமோனிசின். மக்காச்சோளத்தில் வளரும் ஃபியூசேரியம் பூஞ்சையிலிருந்து 1988-ல் தென்னாப்பிரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். அது கலந்த மக்காச்சோளத்தைத் தின்ற குதிரைகளுக்கு மூளையின் வெண்பகுதி கூழாகிப்போகும். தக்காளியில் ஏஎஸ்சி-1 என்ற மரபணு ஒழுங்காக இருந்தால் ஏ.ஏ.எல். நச்சு பலிக்காது. 2000-ல் அந்த மரபணுவைக் கண்டெடுத்தபோது, ஈஸ்டின் ஆயுளோடு தொடர்புள்ளதாக அறியப்பட்டிருந்த ஒரு மரபணுவின் சாயல் அதில் இருந்தது. செராமைடு தயாரிப்பில் அந்த ஈஸ்ட் மரபணுவுக்குப் பங்குண்டு என்பது பிறகு தெளிவானது.

செராமைடு அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் சாவுதான். ஏ.சி.டி.5 என்ற திடீர்மாற்ற அராபிடாப்சிஸில், செராமைடின்மேல் பாஸ்பேட் ஏற்றும் நொதி வேலை செய்யாது. இளசாக இருக்கும்வரை செடி ஒழுங்காக வளரும், வளர்ச்சியின் பிற்பகுதியில் கிருமி எதுவும் தொடாமலே இலைகளில் கருகல் புள்ளிகள் கிளம்பும். செராமைடு சாவைத் தூண்டுகிறது, பாஸ்பேட் ஏறிய செராமைடு அதைத் தணிக்கிறது என்று 2003-ல் இந்தச் செடியை வைத்துத்தான் சொன்னார்கள். இவற்றுக்கிடையே உள்ள விகிதம்தான் செல்லின் விதியைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கருத்து. செல்லுக்கு இப்படியொரு வழி ஏன் தேவை என்றால், துருநோய் போன்ற பூஞ்சைகள் உயிருள்ள செல்லில்தான் பிழைக்க முடியும். தாக்கப்பட்ட செல் சட்டென்று செத்துவிட்டால் பூஞ்சை அங்கேயே முடங்கும். கோதுமையில் இதைக் கண்ட தாவர நோயியலாளர் ஸ்டாக்மன் 1915-லேயே மிகைஉணர்வு என்ற கருத்தில் பெயர் வைத்தார். செத்த திசுவைத் தின்கிற ஆல்டர்னேரியா போன்றவை அதே பாதுகாப்பு வழியைச் செடிக்கு எதிராகத் திருப்பிவிடுகின்றன.

இந்தச் சாவுக்கும் பெயர் வேண்டுமே. 1964-ல் பட்டுப்பூச்சியின் தசை மறைவதை ஆராய்ந்த லாக்‌ஷினும் வில்லியம்ஸும் தந்த சொல்லைத்தான் திட்டமிட்ட செல் இறப்பு என்று நாம் எழுதுகிறோம். அப்போப்டோசிஸ் 1972-ல் வந்தது. மரத்திலிருந்து இலையும் பூவிலிருந்து இதழும் உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல் அது. செடியிடமிருந்து எடுத்த சொல்லாக இருந்தும் தாவரச் செல்லுக்கு அதைப் பயன்படுத்தத் தாவரவியலாளர்கள் பலர் தயங்குகிறார்கள், அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். விலங்குச் செல் துண்டு துண்டாகப் பிரியும், பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடும். தாவரச் செல்லைச் சுற்றிச் சுவர் இருக்கிறது, விழுங்க ஆளும் இல்லை. பல நேரங்களில் உள்ளே இருக்கும் பெரிய நுண்குமிழ் (வாக்குவோல்) உடைந்து, அதன் நொதிகள் செல்லைச் செரித்துவிடுகின்றன.

தமிழுக்கு வருவோம். லிப்பிடுக்குக் கொழுமியம் என்ற சொல் இருக்கிறது, கொழுப்பு என்பதைவிட இதுவே பொருத்தம், ஏனென்றால் எல்லா லிப்பிடும் கொழுப்பு இல்லை. இலங்கைப் பாடநூல்களில் இலிப்பிட்டு, கலம், மென்சவ்வு என்று வரும். ஸ்பிங்கோவைப் புதிர் என்று மொழிபெயர்த்துப் புதிர்க்கொழுமியம் ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புதிர் தூடிஹும் காலத்துப் புதிர், அதோடு ஸ்பிங்கோசின், ஸ்பிங்கோமைலின் என்ற ஒரு குடும்பமே அந்த வேரில் நிற்கிறது. வேரை வைத்துக்கொண்டு ஸ்பிங்கோ கொழுமியம் என்று எழுதலாம், செராமைடை அப்படியே விடலாம்.

சாவுக்குத்தான் நல்ல சொல் வேண்டும். திட்டமிட்ட இறப்பு என்று படிக்கும்போது திட்டமிட்டது யார் என்ற கேள்வி வருகிறது, பூஞ்சை நச்சின் விஷயத்தில் குழப்பம் இன்னும் கூடும். தன்னழிவு என்றால் அந்தச் சிக்கல் இல்லை: தூண்டியது யாராக இருந்தாலும் அழிப்பது செல்லேதான். வெளியே இலையில் தெரிவதற்குக் கருகல் என்ற சொல் உழவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏ.ஏ.எல். நச்சால் நீள்சங்கிலிக் காரம் குவிந்து, செல்கள் தன்னழிவில் இறங்கி, தக்காளி இலை நரம்பிடையில் கருகுகிறது என்று எழுதினால் ஆய்வகத்தில் இருப்பவருக்கும் புரியும், தோட்டத்தில் நிற்பவருக்கும் புரியும்.